பின்காவல்

வாசல் நேராக இருந்தால் அது வீடு, வளைந்து இருந்தால் அது கோட்டை என்று தணிகாசலம் யாரைச் செஞ்சிக்குக் கூட்டி வந்தாலும் முதல் வாசலிலேயே சொல்லிவிடுவார். இன்றைக்கும் சொன்னார். சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்த சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். சுபேதார் ஏகாம்பரம் வளைவை ஒரு தடவை பார்த்தார், மேலே மதிலைப் பார்த்தார், தலையை ஆட்டினார், அவ்வளவுதான். முப்பது வருடம் ராணுவத்தில் இருந்தவன் ஒரு வார்த்தை பாராட்டிச் சொன்னால் குறைந்தா போய்விடுவான் என்று தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. யானையை ஓடவிட்டுக் கதவை உடைக்கலாம் என்று வருகிறவன் இந்த வளைவில் வேகம் இழந்து நிற்பான், நிற்கிற இடத்தில் மேலேயிருந்து கல் விழும், எண்ணெய் விழும், இதைக் கட்டியவன் எப்பேர்ப்பட்ட மூளைக்காரன், பெயர் கூட யாருக்கும் தெரியாது. தணிகாசலம் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கிலி பிடித்து இந்த வட்டாரத்தின் வரப்பு வாய்க்கால் எல்லாம் நடந்தவர். மேடு எது பள்ளம் எது என்று கால் சொல்லும் அவருக்கு. மேட்டில் நிற்கிறவன் பேசுவதைப் பள்ளத்தில் நிற்கிறவன் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பது உலகத்துப் போர்களை எல்லாம் படித்து அவர் எடுத்த முடிவு. அதனால்தான் சம்பந்தி போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வரேன், கொஞ்சம் பேசணும் என்றதும், வீட்டுக்கு வேண்டாம், கோட்டைக்கு வாங்க, மேல போய் நிதானமாப் பேசலாம் என்று சொல்லிவிட்டார். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஏனென்றால் வீட்டுக்கு வந்தால் தோற்றுவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தால் சாந்தகுமாரி காபி போட்டு எடுத்துக்கொண்டு வருவாள், வந்தவர் டம்ளரைக் கையில் வாங்கிவிட்டாலே பாதி சமாதானம் முடிந்த மாதிரி, பிறகு அவள் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள், வாழ வேண்டிய பொண்ணு என்று ஆரம்பிப்பாள், அந்த நேரம் பார்த்துப் பேத்தி நறுமுகை ஓடி வந்து தாத்தா என்று அந்த ஆளின் மடியில் ஏறுவாள், எல்லாம் கைவிட்டுப் போகும். போன ஆடியில் அப்படித்தான் போனது. மகள் மணிமொழி கன்னம் வீங்கி வந்து நின்றாள், நாலு நாள் கூட ஆகவில்லை, மாப்பிள்ளை தினகரன் போனில் அழுதான், இனிமேல் குடிக்கமாட்டேன், கை நீட்டமாட்டேன் என்றான், தணிகாசலம் நிபந்தனை எல்லாம் விதித்து, பெரிய சமாதான உடன்படிக்கை எழுதிய தளபதி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தானே அவளை வேலூர் பஸ்ஸில் ஏற்றி அந்த வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தார். அந்த வாசல் நேரான வாசல். அவள் உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை என்பது ஞாபகம் வந்ததும் படியில் அவர் கால் கொஞ்சம் தடுமாறியது. பாத்து, சம்பந்தி, என்றார் ஏகாம்பரம், பின்னாலிருந்து. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, படி உயரம் ஒரே மாதிரி இருக்காது இங்க, அதுவும் ஒரு தந்திரம்தான் என்று சொல்லிச் சமாளித்தார்.

அந்த ஆள் பின்னால் வருவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. முன்னால் போங்க என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாயிற்று, நீங்க போங்க, நான் பின்னால வரேன் என்று ஒரே பதில். இடது முழங்காலில் தகடு வைத்த ஆள். பனியில் விழுந்து உடைந்ததாம், கல்யாணப் பேச்சின்போது சொன்னது, தணிகாசலம் மறக்கவில்லை. தகடு வைத்த காலோடு இந்த ராஜகிரிக் குன்று ஏறுகிறவன் பாதியில் உட்காருவான், மூச்சு வாங்கும், தண்ணீர் கேட்பான், அந்த நேரத்தில் பேச்சை எடுத்தால் பெண்ணை அனுப்புங்கள் என்று குரலை உயர்த்திக் கேட்க அவனிடம் மூச்சு இருக்காது. கேவலமான திட்டம் என்று நேற்று ராத்திரி படுக்கையில் ஒரு தரம் தோன்றியது. கேவலம் என்ன கேவலம், வெயிலையும் தாகத்தையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளாத தளபதி யார் இருக்கிறான் என்று அடுத்த நிமிடமே சமாதானமாகிவிட்டது. கன்னேப் போரில் ஹானிபல் என்ன செய்தான், காற்று ரோமானியர்கள் முகத்தில் புழுதியை அடிக்கிற மாதிரி தன் படையை நிறுத்தினான் என்கிறார்கள். நடுவில் வீரர்களை மெல்ல மெல்லப் பின்வாங்கச் சொன்னான். ரோமானியன் ஜெயிக்கிறோம் ஜெயிக்கிறோம் என்று உள்ளே உள்ளே வந்தான். இரண்டு பக்கமும் மூடிக்கொண்டது. அந்த வளைவை அவர் காகிதத்தில் எத்தனை தடவை வரைந்திருப்பார், சாந்தகுமாரி தட்டில் சோற்றை வைத்தால் கூடக் குழம்பு ஊற்றுவதற்கு முன்னால் சோற்றில் அந்த வளைவைப் போட்டுக் காட்டுவார், மணிமொழி சின்னப் பெண்ணாக இருந்தபோது கை கொட்டிச் சிரிப்பாள். பெரியவளானதும் சிரிக்கவில்லை. இன்று காலையில் கிளம்பும்போது கூட அவள் வாசல்வரை வந்து மெதுவாகத்தான் சொன்னாள். "அப்பா, அவர் என்ன சொன்னாலும் முழுசாக் கேளுங்க. நடுவுல யுத்தக் கதைய ஆரம்பிச்சிடாதீங்க." சரிம்மா என்றார். அவளுக்கு மாமனாரைப் பார்த்து என்ன இவ்வளவு பயம் என்று நினைத்துக்கொண்டார்.

ஏகாம்பரம் ஒரு துணிப்பை வைத்திருந்தார். தோளில் மாட்டியிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து தணிகாசலத்தின் கண் அந்தப் பைமேல்தான். என்ன இருக்கும் அதில். பழமும் பூவும் புடவையும் இருக்கும், தட்டில் வைத்து அழைத்துப் போவதற்கு. இல்லாவிட்டால் யாராவது வக்கீல் எழுதிக்கொடுத்தது இருக்கும். தலையில் ஒரு கம்பளித் தொப்பி வேறு, பட்டாளத்துப் பச்சை, காதுவரை இழுத்துவிட்டிருந்தது. பங்குனி வெயிலில் யாராவது இதைப் போடுவார்களா. ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகியும் சுபேதார் என்பதை ஊருக்குக் காட்ட வேண்டும், அதுதான். வியர்வை தொப்பி ஓரத்திலிருந்து காதோரமாக வழிந்தது, மனுஷன் கழற்றவில்லை. கழற்றிக்கிட்டு வாங்களேன், யாரு இருக்கா இங்க, குரங்குதான் என்றார் தணிகாசலம். பரவால்ல என்றார் அவர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, சம்பந்தி, ஒரு விஷயம், என்று ஆரம்பித்தார். தணிகாசலம் அவரை முடிக்க விடவில்லை. இப்போது வேண்டாம், இன்னும் உயரம் வேண்டும், இன்னும் மூச்சு இறைக்க வேண்டும். சட்டென்று கையை நீட்டி எதிரே தெரிந்த கிருஷ்ணகிரியைக் காட்டி, அதோ பாருங்க அந்தக் குன்று, இதோ இது, அந்தப் பக்கம் சந்திரகிரி, மூணையும் சேத்து மதிலு, ஒண்ணு விழுந்தாலும் மத்த ரெண்டும் நிக்கும் என்று ஆரம்பித்தார், ஆரம்பித்தால் நிற்குமா.

எட்டு வருடம் முற்றுகை என்றார். அவுரங்கசீப் அனுப்பிய படை, தளபதி சுல்ஃபிகர் கான், உள்ளே மராட்டிய ராஜா ராஜாராம். கீழே எத்தனை கூடாரம், எத்தனை ஒட்டகம், எத்தனை பீரங்கி, அவ்வளவும் வந்து இந்தப் பாறைக்குக் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதைவிட வேடிக்கை என்னவென்றால், நடுவில் ஒரு சமயம் மராட்டியக் குதிரைகள் வெளியேயிருந்து வந்து முகலாயருக்கு வரும் தானியத்தை எல்லாம் வழியில் மடக்கிவிட்டன. முற்றுகை போட வந்தவனே முற்றுகையில் மாட்டிக்கொண்டான். உள்ளே இருப்பவன் சாப்பிடுகிறான், வெளியே இருப்பவன் பட்டினி. கடைசியில் பெரிய பீரங்கிகளைக் கைவிட்டு விட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினான். இதைச் சொல்லும்போது தணிகாசலத்தின் குரல் தானாகவே உயர்ந்துவிடும், ராஜாராம் தன் சொந்தச் சித்தப்பா மகன் மாதிரி ஒரு பெருமை. ஆனால் இன்றைக்கு அந்தப் பெருமைக்கு நடுவே மூச்சு முட்டியது. படியைத் தாவித் தாவி ஏறிப் பேசிக்கொண்டே வந்ததில் நெஞ்சு அடித்துக்கொண்டது, பாதி வாக்கியத்தில் நின்று மதிலில் கை வைத்து, காட்சி பார்ப்பது மாதிரி பாவனை செய்தார். ஏகாம்பரம் பின்னால் வந்துகொண்டே இருந்தார். சின்னச் சின்ன அடி. தகடு வைத்த காலை முதலில் வைத்தால் அடுத்த காலை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, நிற்காமல், அவசரப்படாமல். நிற்காமல் வருகிறவனைப் பார்க்கும்போது எரிச்சலாகவும் இருந்தது, ஒரு ஓரத்தில் அட என்றும் இருந்தது. மலைப்பட்டாளத்து நடை. இப்படித்தான் ஏறுவார்கள் போல, எவ்வளவு படித்தும் இது எதிலும் இல்லையே என்று நினைத்தார். தன் திட்டத்தின் முதல் செங்கல் உருவப்பட்டதை அவர் கவனித்தார், கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்.

மணிமொழி இரண்டாம் தடவை வந்து நின்ற காலை நினைவில் திரும்பத் திரும்ப வந்தது. வேண்டாம் என்று தள்ளினாலும் வந்தது. மாசி மாதக் குளிர், பால்காரன்கூட வரவில்லை, கேட் சத்தம். திறந்தால் தோளில் தூங்குகிற குழந்தை, கையில் இரண்டு பை. அழுகை இல்லை. உள்ளே வந்து குழந்தையைப் படுக்க வைத்துவிட்டுப் பைகளைத் திறந்தாள். அவள் படித்த சான்றிதழ்கள், குழந்தையின் தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்று, ஆதார், கழுத்து நகை ஒரு கைக்குட்டையில், குழந்தை இல்லாமல் தூங்காது என்கிற அந்த மஞ்சள் துணி யானை, மாற்று உடை, இருமல் மருந்து. ஒன்று விடாமல் இருந்தது. ஆடியில் வந்தபோது கட்டிய புடவையோடு வந்தவள். தணிகாசலம் அந்தப் பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகளுக்கு நேர்ந்ததை நினைத்து வயிறு எரிகிற அந்த நேரத்திலும் அவருக்குள் இருக்கும் கோட்டை மனுஷன், அடேயப்பா என்றான். இது ஓடி வந்தது இல்லை, இது பின்வாங்கல். தாக்குவதற்கு வீரம் போதும். எதிரி பக்கத்திலேயே இருக்கும்போது, சத்தம் இல்லாமல், வேண்டியது எதையும் விடாமல், வேண்டாதது எதையும் தூக்காமல் படையை வெளியே கொண்டுவருவதற்கு மூளை வேண்டும். பாரசீகத்தின் நடுவயிற்றிலிருந்து பத்தாயிரம் கிரேக்கர்கள், தலைவர்களைப் பறிகொடுத்த பிறகும், மலை மலையாக நடந்து கடலைக் கண்டார்களே, அதற்காகத்தான் அவர்களை இன்றைக்கும் உலகம் பேசுகிறது, ஜெயித்ததற்காக அல்ல. யாரு கூட்டிட்டு வந்து பஸ் ஏத்தினது என்று கேட்டார். நானேதான் வந்தேன் என்றாள். காலில் பெரிய ரப்பர் செருப்பு, நடந்தால் பின்னால் அடித்துக்கொண்டது, அவள் மாமியாருடையது மாதிரி இருந்தது. உன் செருப்பு எங்கம்மா. அறுந்து போச்சுப்பா. அவ்வளவு யோசித்தவள் செருப்பை மட்டும் கோட்டை விட்டாளே என்று அவருக்கு ஒரு சின்னக் குறை. அன்றைக்குச் சமையலறைக் கண்ணாடி டம்ளரில் அவளுடைய பல் தேய்க்கிற பிரஷ்ஷும் குழந்தையின் சின்ன பிரஷ்ஷும் வந்து நின்றன. இருக்கட்டுமா அப்பா என்று அவள் கேட்கவில்லை, அவரும் இருக்கட்டும் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அந்த இரண்டு பிரஷ்ஷைக் காப்பாற்றத்தான் அவர் இந்த மலை ஏறிக்கொண்டிருந்தார். தன்னிடமிருந்து காப்பாற்ற. அந்த ஆள் கும்பிட்டுக் கேட்டால் தன் வாய் சரி என்று சொல்லிவிடுமோ என்பதுதான் அவருடைய பயம், சுபேதார் இல்லை.

மூன்றாவது வாசலுக்கு மேலே ஒரு பாறை நிழல். அங்கே உட்கார்ந்தது தணிகாசலம்தான். ஏகாம்பரம் நின்றுகொண்டே தண்ணீர் பாட்டிலை நீட்டினார். திட்டப்படி தண்ணீர் கேட்க வேண்டியவர் அவர். தணிகாசலம் வாங்கிக் குடித்தார், சட்டைமேல் கொஞ்சம் சிந்தியது. சந்தடி சாக்கில் மறுபடியும், சம்பந்தி, தினகரன் விஷயமா, என்று ஆரம்பித்தது அந்தக் குரல். தணிகாசலத்தின் கையில் பின்வாங்கல் என்ற எண்ணம்தான் இருந்தது, அதையே எடுத்து வீசினார். கலிப்போலி தெரியுமா உங்களுக்கு என்றார். முதல் உலக யுத்தம். கடலுக்கும் குன்றுக்கும் நடுவே ஒரு துண்டு நிலத்தில் ஆஸ்திரேலியர்கள் மாட்டிக்கொண்டார்கள், மேலே துருக்கியர்கள். ஜெயிக்க வழியில்லை, போய்விட வேண்டும். ஆனால் போவது மேலே இருப்பவனுக்குத் தெரிந்தால் கடற்கரையிலேயே வெட்டிப் போடுவான். என்ன செய்தார்கள், காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டார்கள், நடக்கிற சத்தம் கேட்காமல். பதுங்கு குழியில் துப்பாக்கிகளை அப்படியே விட்டார்கள். ஒரு தகர டப்பாவில் தண்ணீர், அடியில் ஓட்டை, கீழே இன்னொரு டப்பா, அதைத் துப்பாக்கி விசையில் கட்டிவிட்டார்கள். தண்ணீர் சொட்டிச் சொட்டிக் கீழ் டப்பா கனத்ததும் விசை இழுபடும், துப்பாக்கி தானாகச் சுடும். ஆள் எல்லாம் கப்பல் ஏறியாயிற்று, காலிக் குழியிலிருந்து ஒன்று இரண்டு என்று துப்பாக்கி சுட்டுக்கொண்டிருக்கிறது, துருக்கியன் இங்கேதான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். சொல்லும்போதே தணிகாசலத்துக்குக் கண் பளபளத்தது, எத்தனை தடவை சொன்னாலும் இந்த இடத்தில் அவருக்குப் புல்லரிக்கும், யாரோ ஒரு சிப்பாய் மூளைக்கு எட்டிய யோசனை, ஒரு டப்பாத் தண்ணீரில் ஒரு படை தப்பித்தது. ஏகாம்பரம் சிரித்தார். காலையிலிருந்து முதல் சிரிப்பு. "தெரியும் சம்பந்தி. ட்ரெய்னிங்ல எங்க உஸ்தாத் சொல்லியிருக்காரு." சொல்லிவிட்டுத் துணிப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். நினைத்ததைச் சொல்லாமல் விட்ட மாதிரி இருந்தது.

மறுபடியும் ஏறினார்கள். இப்போது பேச்சு குறைந்துவிட்டது, தணிகாசலத்துக்கு அதற்கு மூச்சு இல்லை. படி, இன்னொரு படி, வெயில் பாறையிலிருந்து கிளம்பி முகத்தில் அடித்தது. கண்ணுக்குள் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். இந்தக் கோட்டை என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்கிறது, ஆனால் தனக்குச் செய்கிறது என்று தோன்றியபோது அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் இருமல் வந்தது. கட்டியவனே, உனக்கு ஆள் அடையாளம் தெரியாதா, நான் உன் பக்கத்து ஆள் இல்லையா. தெரியாது. கல்லுக்கு யார் பக்கமும் இல்லை. ஏறுகிறவன் எல்லாம் எதிரி அதற்கு. எவ்வளவு பெரிய அறிவு அது என்று அந்த மூச்சிரைப்பிலும் வியந்தார். சுவரைவிட உயரத்தை நம்பிய அறிவு, வாளைவிடத் தாகத்தை நம்பிய அறிவு, மேலே வந்து சேருகிறவன் கையில் வாள் இருந்தாலும் அதைத் தூக்கத் தெம்பு இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு படியாக அளந்து வைத்த அறிவு. சர்வேயர் வேலையில் ஒரு சரிவைக்கூட இவ்வளவு சரியாக அவர் அளந்ததில்லை. பிறகு இதே கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ராத்திரியில் பிடித்தார்களே, அது எப்படி, எட்டு வருடம் நின்றது ஒரு ராத்திரியில் எப்படி விழும். உள்ளே இருந்தவர்களுக்கு மனம் விட்டுப்போயிருக்கும். மனம் விட்டுப்போனால் மதில் எதற்கு. ஆடி மாதத்தில் தன் வீட்டில் விழுந்தது எந்த மதில். யாரும் தாக்கவில்லை, போனில் ஒருவன் அழுதான், கதவைத் திறந்து மகளை வெளியே கொடுத்துவிட்டார்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை இரண்டாகப் பிளந்து ஒரு பள்ளம் இருக்கிறது. முன்காலத்தில் அதன்மேல் எடுத்துவிடக்கூடிய மரப்பாலம், எதிரி அவ்வளவு தூரம் வந்துவிட்டால் பாலத்தை இழுத்துக்கொண்டு கையாட்டலாம். இப்போது நிலையான பாலம். தணிகாசலம் இங்கேதான் தன் பேச்சைச் சொல்ல நினைத்திருந்தார். பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் நிற்கிற சம்பந்தியைப் பார்த்து, என் பெண் வரமாட்டாள் என்று. ஒத்திகைகூடப் பார்த்திருந்தார். இப்போது பாலத்தில் ஒரு அடி வைத்ததும் கீழே பள்ளம் சுழன்றது. கைப்பிடியைப் பிடிக்கப் போன கை காற்றைப் பிடித்தது. பின்னாலிருந்து ஒரு கை அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, அப்படியே சுவர் ஓரமாக உட்காரவைத்தது. தலையக் குனிஞ்சிக்குங்க, மூச்ச மெதுவா விடுங்க, பேசாதீங்க. பேசவில்லை. பேச முடியவில்லை. காலையிலிருந்து முதல் தடவையாகத் தணிகாசலத்தின் வாயில் ஒரு யுத்தமும் இல்லை. ஏகாம்பரம் எதிரே காலை நீட்டி உட்கார்ந்தார்.

"மருமகளத் திரும்ப அனுப்புங்கன்னு கேக்க வரல சம்பந்தி" என்றார் ஏகாம்பரம். "அனுப்பாதீங்கன்னு சொல்ல வந்தேன். அவன் அழுவான், கால்ல விழுவான், ஊரைக் கூட்டுவான். நானே வந்து கேட்டாலும் அனுப்பாதீங்க."

தணிகாசலம் குனிந்த தலையை நிமிர்த்தினார். காதில் விழுந்தது உள்ளே போய்ச் சேர நேரம் எடுத்தது. ஏகாம்பரம் துணிப்பையைத் திறந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பழம் இல்லை, புடவை இல்லை. ஒரு ஜோடி பெண்கள் செருப்பு, பழுப்பு நிறம், வாரில் சின்னப் பித்தளைப் பூ. போன தீபாவளிக்குத் தணிகாசலமே திண்டிவனத்தில் வாங்கிக் கொடுத்தது. அறுந்திருக்கவில்லை. இனிமே இது அங்க வேணாம் என்றார் ஏகாம்பரம். பிறகு மெதுவாக, இடைவெளி விட்டு விட்டுச் சொன்னார். ஆடிக்கு அப்புறம் நடந்ததை மருமகள் யாரிடமும் சொல்லவில்லை, அவர் பார்த்தார். பெற்ற பிள்ளையைத் திருத்த முடியவில்லை. அதனால் பொங்கலிலிருந்தே அவரும் மருமகளுமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள், சான்றிதழ் ஒரு நாள், அட்டை ஒரு நாள், அரிசிப் பானைக்கு அடியில். அந்த ராத்திரி தினகரன் வெளியே போயிருந்தான். திரும்பி வந்தால் முதலில் பார்ப்பது வாசலில் இருக்கும் அவள் செருப்பைத்தான், இருக்கிறாளா, எங்கேயாவது போய்விட்டாளா என்று. அதனால் செருப்பை வாசலிலேயே விடச் சொன்னார். கொடியில் அவள் புடவையை ஈரமாக நனைத்துக் காயப் போட்டார். அவளுடைய அறையில் டிவியைச் சின்னச் சத்தத்தில் ஓடவிட்டுக் கதவைச் சாத்தினார். மாமியார் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். மருமகளையும் குழந்தையையும் பஸ் ஏற்றிவிட்டு வந்து வாசலில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டார். வந்தவன் செருப்பைப் பார்த்தான், டிவி சத்தம் கேட்டான், போய்ப் படுத்தான். விடிந்துதான் தெரிந்தது அவனுக்கு. அதற்குள் பஸ் செஞ்சி வந்திருக்கும். "நான்தான்னு உங்ககிட்டகூடச் சொல்லாதேன்னு மருமக கிட்ட சொன்னேன். அவனுக்குத் தெரிஞ்சா அவங்க அம்மாவ சும்மா விடமாட்டான். அவ அந்த வீட்லதான இருந்தா. இப்ப அவள அவ தம்பி வீட்ல விட்டுட்டேன். இனிமே உங்களுக்குத் தெரிஞ்சாலும் பரவால்ல."

அவனுக்குத் தெரியாதா அப்போ என்று தணிகாசலம் கேட்டார். ஏகாம்பரம் தொப்பியைக் கழற்றினார். நெற்றிக்கு மேலே, நரைமுடியைச் சிரைத்த இடத்தில், காதை நோக்கி ஒரு தையல், புதிது, இன்னும் செந்நிறம் போகவில்லை. தெரிஞ்சிக்கிட்டான் என்றார், போன வாரம். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

தணிகாசலம் அந்தச் செருப்பைக் கையில் வாங்கினார். சொட்டுகிற தண்ணீர், கனக்கிற டப்பா, காலிக் குழியிலிருந்து சுடுகிற துப்பாக்கி. அந்தக் கதையை அவர் பெருமையாகச் சொன்னபோது, எதிரே நின்றவர் அதைச் செய்துவிட்டு வந்து நின்றிருந்தார். அந்தக் காலையில் பைகளைப் பார்த்து அவர் மனத்துக்குள் எழுந்து நின்று சலாம் போட்ட, பெயர் தெரியாத தளபதி இவர். ஒரு படை பின்வாங்கும்போது கடைசியில் சிலர் நிற்பார்கள், மற்றவர்கள் கடலைத் தொடும்வரை எதிரியைப் பார்த்தபடி நிற்பார்கள், பின்காவல் என்பார்கள் அதை. அவர்களுடைய பெயரை யாரும் எழுதுவதில்லை, அவர்களில் பலர் கப்பல் ஏறுவதில்லை. மகளையும் பேத்தியையும் முன்னால் அனுப்பிவிட்டு அந்த வாசல் கட்டிலில் ஒருவர் படுத்திருந்திருக்கிறார், எதிரே பெற்ற பிள்ளை. தணிகாசலத்துக்குக் கன்னேயும் ஹானிபலும் ஒரு நிமிடம் ரொம்பத் தூரத்தில் போய்விட்டார்கள். அமெரிக்காவில் ஒரு சண்டை நடந்தது, கடலுக்கு அப்பால் சமாதானக் கையெழுத்து ஆகிவிட்டிருந்தது, செய்தி கப்பலில் வந்துகொண்டிருந்தது, தெரியாமல் இரண்டு படையும் மோதிச் செத்தன. காலையிலிருந்து இந்த மனுஷன் செய்தியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பின்னாலேயே ஏறி வந்திருக்கிறார், தகடு வைத்த காலோடு, தைத்த தலையோடு. இரண்டு தடவை வாயைத் திறந்தார். திறந்தபோதெல்லாம் அவர்மேல் ஒரு யுத்தத்தை எடுத்து வீசியாயிற்று. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது, அந்த ஆளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல, கும்பிட்டால் அவருக்குக் கூச்சமாக இருக்குமே என்றும். கும்பிடவில்லை. செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஏகாம்பரத்துக்கு இன்னும் ஏதோ சொல்ல இருந்தது. பள்ளத்தைப் பார்த்தபடி தயங்கினார். துப்பாக்கி தூக்கிய ஆள் இப்படித் தயங்கித் தணிகாசலம் பார்த்ததில்லை. "ஒண்ணு கேக்கலாமா. இனிமே எங்களுக்கு உறவுன்னு எதுவும் கிடையாது, தெரியும். பாப்பாவ எப்பவாச்சும் ஒரு தடவ பாத்துட்டுப் போக விடுவீங்களா. வீட்டுக்குள்ள வரல. நீங்க கோட்டைக்கு வரச் சொன்னதுமே, வீட்டுக்கு வராதேன்னு சொல்றீங்கன்னு புரிஞ்சிது. அது நியாயம்தான். வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிடறேன்."

தணிகாசலம் போனை எடுத்தார். விரல் வியர்வையில் வழுக்கியது. மணிமொழி உடனே எடுத்தாள், காத்துக்கொண்டிருந்திருப்பாள். முழுசாக் கேட்டீங்களா அப்பா என்றாள். கேட்டேம்மா என்றார். அம்மாகிட்ட சொல்லு, மாமாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன், சாப்பாடு வைக்கச் சொல்லு என்றார். பாப்பாவ எழுப்பி வை, தூங்கிடப் போவுது. சரிப்பா என்றாள். வைக்கப் போனவள் கேட்கட்டும் என்று அவசரமாகச் சொன்னார். "மணி, அந்த பிரஷ் ரெண்டும் அங்கயே இருக்கட்டும். எங்கயும் எடுத்து வைக்காத."

இத்தனை வருடத்தில் உச்சியைத் தொடாமல் அவர் இறங்குவது இதுதான் முதல் தடவை. பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து நிமிடத்தில் உச்சி, கோயில், பெரிய பீரங்கி, எல்லாம் இருந்தன, இருக்கட்டும். இரண்டு பேரும் எழுந்தார்கள். ஏகாம்பரம் வழக்கம்போல ஒதுங்கி நின்று கையைக் காட்டினார், நீங்க முன்னால போங்க, நான் பின்னால வரேன் என்றார். தணிகாசலம் நகரவில்லை. செருப்பைத் துணிப்பைக்குள் வைத்து, பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"போதும் சம்பந்தி. நீங்க முன்னால போங்க. இன்னிக்கி நான் பின்னால வரேன்."

ஏகாம்பரம் திரும்பி, தகடு வைத்த காலை முதல் படியில் இறக்கி, அடுத்த காலை அதன் பக்கத்தில் வைத்தார். தணிகாசலம் அந்தத் தொப்பியைப் பார்த்தபடி, அவர் வைத்த இடத்திலேயே கால் வைத்து, பேசாமல் இறங்கினார்.